நெகேமியாவும் ஒரு ரூபா வட்டியும்

நெகேமியா புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரத்தை எங்கள் பக்கத்துச் சபைகளில் யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. முதல் அதிகாரம் கேட்டிருக்கிறேன். இரண்டு, நான்கு, ஆறு எல்லாம் சலிக்கச் சலிக்கக் கேட்டாயிற்று. ஆலயத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டும், ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போட வேண்டும், நிதி சேரவில்லை என்றால் அந்த ஞாயிறு நெகேமியா வந்துவிடுவார். இடிந்து கிடந்த எருசலேம் மதிலை 52 நாளில் கட்டி முடித்த மனிதர். கட்டட நிதிக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் வேதாகமத்தில் கிடையாது. அந்த மதில் பாதி எழும்பி நிற்கும்போதே, கடன்பட்ட சனம் வந்து கதறுகிறதே, அந்த ஐந்தாம் அதிகாரத்தை மட்டும் எல்லோரும் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறோம்.

எனக்கு அதைத் தாண்ட முடியாமல் போனதற்குக் காரணம் என் வேலை. பொறையாறு பக்கத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நான் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் லுத்தரன் சபையில் பிரசங்கம் செய்கிறவர்களில் ஒருவன். ஐயருக்கு, அதாவது எங்கள் குருவுக்கு, நாலைந்து ஊர்ச் சபைகள். நற்கருணை உள்ள ஞாயிறு அவர் வருவார், மற்ற ஞாயிறுகளில் மூப்பர்களில் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ‘யாராவது’ பெரும்பாலும் நான். ஊழியத்துக்கென்று தனியாக அழைப்பு வந்தது, தரிசனம் வந்தது என்றெல்லாம் சொல்லிக்கொள்ள என்னிடம் கதை இல்லை. வாரத்தில் ஒரு நாள் அத்தனை பேர் நம் வாயைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது, படிக்காமல் போய் நிற்பது சரியில்லை என்று பட்டது. செராம்பூர் செனட்டின் வெளி மாணவர் இறையியல் படிப்பில் சேர்ந்துவிட்டேன்.

செராம்பூர் என்றதும் வங்காளத்துச் சமாசாரம் என்று தள்ளிவிட வேண்டாம். அதுவும் எங்கள் தரங்கம்பாடியும் ஒரே கொடியின் கீழ் இருந்த ஊர்கள். டென்மார்க் ராஜாவிடம் இருந்த இரண்டையும் 1845இல் ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மிஷனெரிகள் மூவரும் 1818இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு, பட்டம் கொடுக்கும் அதிகாரம் 1827இல் டென்மார்க் ராஜாவின் சாசனம் வழியாகத்தான் கிடைத்தது. டேனிஷ் கோட்டை தெரியும் தூரத்தில் உட்கார்ந்து, டேனிஷ் சாசனத்தில் பிறந்த படிப்பைப் படிக்கிறேன் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். “முதல்ல பீஸ் கட்டுற தேதியப் பாருங்க” என்றாள் மனைவி.

படிப்பு எனக்குக் கொடுத்ததில் பெரியது ஒரு பழக்கம். வசனத்தைப் பிடித்துக்கொண்டு பறக்காமல், இதை யார் சொல்கிறார்கள், யாரிடம், அப்போது அங்கே யார் வயிறு காய்ந்துகொண்டிருந்தது என்று கேட்கிற பழக்கம். தேர்வுத் தாளில் வருகிற கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். நெகேமியா எருசலேமுக்கு வந்தது எந்த ஆண்டு? பெர்சிய ராஜா அர்தசஷ்டாவின் 20ஆம் ஆண்டு, அதாவது கி.மு. 445. எஸ்றா முந்தியவரா, நெகேமியா முந்தியவரா? நெகேமியா தன் வாயால் சொல்கிற பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? இவையும் வேண்டியவைதான். ஆண்டு தெரிந்தால்தான் ராஜா யார் என்று தெரியும், ராஜா தெரிந்தால்தான் தீர்வை தெரியும். பெர்சியாக்காரனுக்குத் தீர்வையை வெள்ளியாகக் கட்ட வேண்டியிருந்தது. அறுத்தது தானியம், கேட்டது வெள்ளி. இந்த ஒரு வரியைப் பாடப்புத்தகத்தில் படித்த ராத்திரி எனக்கு எங்கள் சங்கத்தில் பணம் கட்டும் ஜன்னல் கண்முன் வந்துவிட்டது.

ஐந்தாம் அதிகாரத்தில் மூன்று கூட்டம் வந்து நிற்கிறது. முதல் கூட்டத்துக்கு நிலமே இல்லை. பிள்ளைகள் நிறைய, தின்னத் தானியம் வேண்டும் என்கிறார்கள். இரண்டாவது கூட்டம், பஞ்சத்தில் தானியம் வாங்குவதற்காக நிலத்தையும் திராட்சத் தோட்டத்தையும் வீட்டையும் அடமானம் வைத்தவர்கள். மூன்றாவது கூட்டம், ராஜாவின் தீர்வையைக் கட்ட நிலத்தின் மேல் பணம் வாங்கியவர்கள். இவர்கள் யாரிடம் கடன்பட்டிருக்கிறார்கள் என்றால் பெர்சியாக்காரனிடம் இல்லை, சொந்தச் சகோதரரிடம். பக்கத்தில் நின்று அதே மதிலுக்குக் கல் எடுத்துக் கொடுக்கிறவனிடம்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 நெருங்கும்போது எங்கள் சங்கத்தில் இரண்டாவது கூட்டமும் மூன்றாவது கூட்டமும் வரும். குறுவைக்குப் பயிர்க்கடன், சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலரின் சான்று, உரத்துக்கு ஒரு பகுதி, ரொக்கமாக ஒரு பகுதி. தண்ணீர் எப்போது கடைமடைக்கு வரும் என்று என்னிடம் கேட்பார்கள், நான் ஏதோ மதகு ஷட்டரைக் கையில் வைத்திருப்பதுபோல. முதல் கூட்டம் எங்கள் படி ஏறுவதே இல்லை. அடமானம் வைக்க அவர்களிடம் ஒன்றும் கிடையாது, கூலிதான் இருக்கிறது. எங்கள் சபையில் பெஞ்சில் உட்கார்கிறவர்களில் பெரும்பாலானோர் அந்த முதல் கூட்டம்.

அதிகாரத்தின் நடுவில் நெகேமியாவுக்குக் கோபம் வருகிறது. சபையைக் கூட்டிப் பிரபுக்களைப் பிடித்துக் கேட்கிறார். எந்த வட்டிக்கு இந்தக் கோபம் என்று பார்த்தால், பதினோராம் வசனம் நூற்றுக்கொன்று என்கிறது. மாதத்துக்கு என்றுதான் பொதுவாக உரையாசிரியர்கள் கொள்கிறார்கள். அதாவது எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு ரூபா வட்டி. இங்கே ஒரு ரூபா வட்டிக்குக் கொடுக்கிறவன் நெருங்கிய சொந்தக்காரன், அவனைப் புண்ணியவான் என்று சொல்வார்கள். மூணு வட்டி சாதாரணம். அவசரத்துக்கு அஞ்சு, பத்து என்று ஏறும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்தாயிற்று, கொடுக்கிறவர்கள் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை. கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டிவிட்டால் வட்டியே இல்லை என்பது வேறு விஷயம். அது நிலம் உள்ளவனுக்கு.

இதைச் சபையில் ஞாயிற்றுக்கிழமை நேரடியாகப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் புதன்கிழமைக் கூட்டத்தில் வாசித்துப் பார்க்கலாம் என்று போனேன். விளக்கவுரைகளில் எடுத்த குறிப்பெல்லாம் நோட்டில் தயார். முதல் வசனத்தை வாசித்ததுமே முன்வரிசையில் இருந்த பெரியம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, பொம்பளைங்களும் சேந்துதான் கத்துனாங்கன்னு போட்டுருக்குல்ல?”

“ஆமா பெரியம்மா. ஜனங்களும் அவர்களுடைய ஸ்திரீகளும்னு இருக்கு.”

“அதச் சொல்லாம நீ பாட்டுக்கு அடுத்த வசனத்துக்குப் போறியே.”

நான் படித்த விளக்கவுரைகளும் அடுத்த வசனத்துக்குத்தான் போயிருந்தன. அதன் பிறகு ஒரு மணி நேரம் நான் பேசவே இல்லை. குழுக் கடன் பற்றிப் பேசினார்கள். வாரத் தவணை, ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும், வசூலுக்கு வருகிற பையன் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவான், வீட்டு ஆம்பிளைக்கு எத்தனை கடன் என்றே தெரியாது. ஐந்தாம் வசனத்தில், எங்கள் குமாரத்திகளில் சிலர் ஏற்கெனவே அடிமைப்பட்டிருக்கிறார்கள் என்று வருகிறது. அதை வாசித்தபோது ஒரு இளம்பெண், கல்யாணச் செலவுக்குச் சேரும் என்று நூல் மில்லுக்கு மூன்று வருட ஒப்பந்தத்தில் போய் ஹாஸ்டலில் அடைந்து கிடந்தவள், “இது எங்க மில்லு கதைதான் சார்” என்றாள். சொல்லிவிட்டு அங்கே கொடுத்த சாம்பார் எப்படி இருந்தது என்பதுவரை விவரித்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

விளக்கவுரை வேண்டாம், சனம் சொல்வதே போதும் என்று இங்கிருந்து ஒரு பாதை பிரிகிறது. அதில் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்கு உடன்பாடு இல்லை. பெர்சியத் தீர்வை தெரியாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அந்தப் பேச்சு கந்துவட்டிக்காரன் கெட்டவன் என்பதோடு முடிந்திருக்கும். சகோதரன் ஏன் கடன் கொடுக்கிற நிலையில் இருக்கிறான், இன்னொருவன் ஏன் வாங்குகிற நிலையில் இருக்கிறான், இருவருக்கும் மேலே உட்கார்ந்து வெள்ளி கேட்கிறவன் யார் என்பதற்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்தில் இருக்கிற முதல் வசனத்தைக் கண்ணில் காட்ட பெரியம்மா வேண்டும்.

தரங்கம்பாடியில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. 1706 ஜூலை 9ஆம் தேதி டென்மார்க் ராஜா அனுப்பிய லுத்தரன் மிஷனெரிகள் சீகன்பால்கும் புளுட்சோவும் கரையிறங்கினார்கள். ஜெர்மனியின் ஹாலேயில் இறையியல் படித்து, குருப்பட்டம் பெற்று வந்தவர்கள். வந்த பிறகு சீகன்பால்கு செய்தது, திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகியது. ஓலைச்சுவடிகளாகச் சேர்த்துச் சேர்த்து, 1708இல் தான் படித்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியலே போட்டார். அப்படிப் பழகியவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அங்கேயே அச்சாகி 1715இல் முடிந்தது. அடுத்த ஆண்டு, 1716இல், உள்ளூர் ஆட்களை ஊழியத்துக்குப் பழக்க ஒரு பயிற்சிப் பள்ளி. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம்வரை வந்திருந்தபோது, 1719இல், 36 வயதில் இறந்துபோனார். மிச்சத்தை முடித்து 1728இல் அச்சேற்றியவர் அவருக்குப் பின் வந்த மிஷனெரி சூல்ட்சே.

ரூத்தோடு நின்றது எனக்கு ஏனோ பிடித்திருக்கிறது. அறுவடையைச் சுற்றி நடக்கிற கதை. அறுக்கிறவர்கள் பின்னால் சிந்தின கதிரைப் பொறுக்கிப் பிழைக்க மோவாபிலிருந்து வந்த வெளியூர் விதவை. என் அம்மா காலத்தில் எங்கள் ஊரிலும் அறுத்த வயலில் கதிர் பொறுக்குவார்கள், ஒரு நாளைக்கு மரக்கால் நெல் தேறும் என்பார்கள். இப்போது பெல்ட் மிஷின் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கர் முடிந்துவிடுகிறது. பொறுக்க வருகிறவர்களும் இல்லை. ரூத் இன்றைக்கு எங்கள் ஊருக்கு வந்தால் நூறு நாள் வேலை அட்டைக்குத்தான் மனு எழுத வேண்டும். ஆதாரில் மோவாப் முகவரி.

கொள்ளிடத்துக்கு அக்கரையில், ஏலாக்குறிச்சியில், தரங்கம்பாடிக்காரர்களைக் கண்டாலே ஆகாத ஒருவர் இருந்தார். வீரமாமுனிவர். லுத்தரன்களை மறுத்தே தனிப் புத்தகம் எழுதினவர். எங்கள் சபையில் அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னால் பழைய ஆட்கள் முகம் இன்னும் கோணும். ஆனால் வேதியர்களுக்கென்று அவர் ஒரு கையேடே எழுதிவைத்தார். எங்களில் உபதேசியார் என்கிறோமே, அவர்தான் கத்தோலிக்கரிடம் வேதியர். சண்டை போட்ட இரு தரப்புக்கும் ஒரு விஷயம் விளங்கியிருந்தது. குரு எப்போதோ வருவார், சபையைத் தாங்குகிறவன் ஊரிலேயே குடியிருக்கிற உபதேசியார்.

என் தாத்தா உபதேசியார். பட்டம் ஒன்றும் கிடையாது. வேதாகமம், ஞானோபதேசம், ஞானப்பாட்டுப் புத்தகம், அவ்வளவுதான் அவருடைய நூலகம். யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் அரிசி இல்லை, யாருக்குப் பெட்டிஷன் எழுத வேண்டும் என்பது எல்லாம் ஒரு நீளக் கணக்கு நோட்டில் இருக்கும். அவர் பிரசங்கம் நன்றாக இருக்கும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சாயங்கால ஜெபத்துக்கு லாந்தரோடு தெருவில் போவார், சனம் பின்னால் வரும். அந்த வேலை இப்போது எங்கள் பக்கம் அநேகமாக இல்லாமல் போயிற்று. சம்பளம் கொடுக்க முடியவில்லை, வருகிற பையன்களுக்கும் ஐயர் ஆவதற்கு ஒரு படிக்கட்டாகத்தான் அது தெரிந்தது. இறையியல் கல்லூரிகள் இதை உணராமல் இல்லை. மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழிலேயே பாடம் நடத்துகிறது, மாணவர்களை வளாகத்துக்கு வெளியே மக்களோடு குடியிருக்க வைத்துப் பழக்குகிறது. எனக்கு வயது இருந்திருந்தால் போயிருப்பேன்.

உபதேசியாரைப் பற்றி இப்படி உருகும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1733 டிசம்பர் 28ஆம் தேதி தரங்கம்பாடியில் ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். நாட்டவரில் முதல் லுத்தரன் குரு. ஆண்டுதோறும் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்று ஒரு உபதேசியார் இருந்தார். தஞ்சாவூர் ராஜா படையில் வேலை பார்த்தவர், கத்தோலிக்கக் குடும்பம், தரங்கம்பாடி அச்சில் வந்த சுவிசேஷப் புத்தகம் கைக்குக் கிடைத்து, படித்துத் தானாகத் தேடி வந்தவர். தஞ்சாவூர்ப் பக்கத்தில் அந்தச் சபைகள் எழும்பியதில் அவர் உழைப்பு பெரியது. இரண்டாவது குருப்பட்டத்துக்கு ஆள் தேடியபோது அவர் பெயரும் வந்தது. 1741இல் பட்டம் தியோகுவுக்குப் போயிற்று. ராஜநாயக்கன் பறையர். அவர் கையால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்பதுதான் தடை. வேதம் தெரியுமா, உழைப்பு உண்டா என்ற கேள்வியெல்லாம் தாண்டி வந்த மனிதர் அந்த இடத்தில் நிறுத்தப்பட்டார். 1833இல் கல்கத்தா பிஷப் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூரில் எதிர்த்தவர்களில் நாங்கள் இன்றும் கீர்த்தனை பாடிக்கொண்டிருக்கிற வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். திருச்சபை வரலாற்றுத் தாளுக்குப் படிக்கிறவர்கள் ஆரோனுக்கு ஐந்து மதிப்பெண் எழுதுவார்கள். ராஜநாயக்கனுக்குக் கேள்வி வந்து நான் பார்க்கவில்லை.

நெகேமியாவுக்குப் பிறகு லேவியராகமம் 25க்குப் போனேன். ஐம்பதாம் வருஷம் யூபிலி, விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். நிலம் என்னுடையது, நீங்கள் அறுதியாக விற்கக் கூடாது என்று தேவன் சொல்கிற அதிகாரம். இதை விளக்க ஊரில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. எங்கள் சபையில் சிலர் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாகக் குத்தகைக்குச் செய்கிறவர்கள். ஒரு தாத்தா சொன்னார்:

“நிலம் சாமியோடதுன்னு எனக்குப் புதுசா சொல்ல வேணாம் தம்பி. வருசா வருசம் குத்தகை அளக்குறவன் நான். எந்தச் சாமிங்கிறதுலதான் கொஞ்சம் வித்தியாசம்.”

அதுவரைக்கும் விற்கிற விலை எப்படி என்றால், யூபிலிக்கு இன்னும் எத்தனை விளைச்சல் மிச்சமிருக்கிறது என்று எண்ணி அதற்குத் தக்க விலை போட வேண்டும் என்கிறது அதிகாரம். நிலத்தை விற்கவில்லை, விளைச்சலை விற்கிறாய். ஒத்திக்கு நிலம் வாங்கிப் பழகிய எங்கள் ஆட்களுக்கு இது மூன்றாம் வகுப்புக் கணக்கு.

உடனே தள்ளுபடி ஞாபகம் வந்துவிட்டது எல்லோருக்கும். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. சங்கத்தில் அந்த வாரங்களில் பட்டியல் எழுதி எழுதி எங்களுக்குக் கை ஓய்ந்தது. வெளியே வெடி போட்டார்கள். பலபேர் உண்மையாகவே மூச்சு விட்டார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் சபையில் பாதிப் பேரின் பெயர் அந்தப் பட்டியலில் கிடையாது. அவர்கள் பெயரில் நிலம் இல்லை, ஆகவே பயிர்க்கடன் இல்லை, ஆகவே தள்ளுபடியும் இல்லை. அவர்கள் கடன் வேறு நோட்டில் இருக்கிறது, அதற்கு அரசாணை வராது. யூபிலி கணக்கை அடிப்பதோடு நிற்கவில்லை, நிலத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. தள்ளுபடியை யூபிலியோடு ஒப்பிட்டுப் பிரசங்கம் செய்த ஒரு கன்வென்ஷன் பேச்சாளரை நான் அந்த வருஷம் கேட்டேன். கைதட்டல் பலமாக இருந்தது. அவர் எந்தச் சங்கத்திலும் வேலை பார்த்தவர் இல்லை.

யூபிலி நிஜமாக நடந்ததா என்று மாணவர்கள் கேட்பார்கள். நடந்ததாக வேதாகமத்தின் எந்தச் சரித்திரப் பகுதியும் சொல்லவில்லை. இதையும் அந்தத் தாத்தாவிடம் சொன்னேன். அவருக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. “இங்கயும்தான் உச்சவரம்புச் சட்டம் போட்டாங்க” என்றார். 1961இல் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970இல் 15 என்று குறைத்தார்கள். மிச்ச நிலம் யார் யார் பெயரில் எப்படிப் போயிற்று என்பதற்கு அவரிடம் நான் எழுத முடியாத கதைகள் இருக்கின்றன.

டிசம்பர் மாதம் பிரசங்கம் தயாரிப்பது எனக்கு இன்னும் கடினம். இந்த மண்ணில் டிசம்பர் 25க்கு இன்னொரு கணக்கு உண்டு. 1968இல் அதே தேதி ராத்திரி, கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். கூலி நெல்லில் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றதும் குற்றம். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்ச் சேர்கிற தூரம். அன்றைக்கு எங்கள் ஆலயத்தில் வழக்கம்போல மரியாளின் பாட்டு வாசித்திருப்பார்கள், பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, பசியுள்ளவர்களை நன்மைகளால் நிரப்பி என்று. கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் வெண்மணியைச் சொன்ன ஒரு குருவையும் நான் சிறுவயதில் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எழுதிவைத்து, நட்சத்திரத்தைப் பார்த்துப் பரவசமாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் முன்னால் எப்படி என்று யோசித்து, மாலை ஆராதனைக்கு மாற்றினேன். வந்தவர்கள் கொஞ்சம்தான். வயசானவர்கள். அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை, தேதியோடு அவர்களே சொன்னார்கள்.

எப்படித் தயாரிக்கிறேன் என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள், ஊழியத்துக்குப் போக ஆசைப்படுகிறவர்கள். பெரிய ரகசியம் இல்லை. எந்தப் பகுதியோ அந்தப் புத்தகத்தை முழுக்க வாய்விட்டு வாசித்துவிடுவது. பழைய மொழிபெயர்ப்பு ஒரு பக்கம், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ஒரு பக்கம். விளக்கவுரையை வியாழக்கிழமைக்கு முன்னால் தொடுவதில்லை. யூடியூப் பிரசங்கம் கேட்பதே இல்லை, கேட்டால் அந்தக் குரல் வாயில் ஒட்டிக்கொள்கிறது. டிசம்பர் 31 ராத்திரி எல்லோர் கையிலும் வாக்குத்தத்த அட்டை இருக்கும், எரேமியா 29:11 கட்டாயம் சில பேருக்கு வரும், நல்ல எதிர்காலத்தைக் கொடுக்கும் நினைவுகள் என்று. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் பாபிலோனிலேயே இரு என்கிறது. அதையும் அட்டையில் போட்டால் எத்தனை பேர் பிரிட்ஜில் ஒட்டுவார்கள் என்று தெரியவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன், சபைக்குழு ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசியில் ஐந்தாம் அதிகாரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையே பிரசங்கித்தேன். பெரியம்மா சொன்னதிலிருந்து ஆரம்பித்தேன், மில்லுப் பெண்ணிடம் அனுமதி கேட்டு அவள் சொன்னதையும் சேர்த்தேன். ஆராதனை முடிந்து கை கொடுக்கும்போது ஒருவர், நாற்பது வயது இருக்கும், சிரித்துக்கொண்டே கேட்டார்.

“நல்லா இருந்துச்சு சார். போன வாரம் என் சங்கிலி ஏலத்துக்குன்னு நோட்டீஸ் வந்துச்சே, அதுல கையெழுத்து உங்களதுதானே?”

என்னுடையதுதான். நகைக்கடன், தவணை தாண்டி நெடுநாள். 2021இல் வந்த 5 பவுன் தள்ளுபடியில் அவருக்குத் தகுதி கிடைக்கவில்லை. சங்கத்துப் பணம் இன்னொரு உறுப்பினர் போட்ட வைப்புத்தொகை, அதில் ஒரு பகுதி எங்கள் சபை விதவை ஒருவருடையதும்கூட. இந்தப் பதிலைச் சொன்னேன், சரியான பதில்தான். அவரும் தலையாட்டினார். மறுநாள் சங்கத்துக்கு வரச் சொல்லி, வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்க வழி செய்தேன். விதிக்கு உட்பட்டதுதான், எல்லோருக்கும் செய்வதுதான்.

வீட்டுக்கு வந்து பத்தாம் வசனத்தைத் திரும்பப் பார்த்தேன். நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும் பணமும் தானியமும் கடன் கொடுத்திருக்கிறோம் என்று நெகேமியாவே அங்கே சொல்கிறார். கோபப்படுகிறவரும் கடன் கொடுத்தவர்களில் ஒருவர். விளக்கவுரைகளில் சிலர் அவரைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள், அவர் வட்டி வாங்கியிருக்க மாட்டார் என்று. எனக்குக் காப்பாற்றத் தோன்றவில்லை. ஐயரிடம் போனில் சொன்னபோது, “இனிமே கொஞ்சம் பொதுவாப் பேசுங்க, வீண் பேச்சு வரும்” என்றார். கடன் வாங்காத, கொடுக்காத ஒருவர் வெளியூரிலிருந்து வந்து இதைப் பேசியிருந்தால் வாசலில் அந்தக் கேள்வி வந்திருக்காது. அப்படி ஒருவரைக் கூப்பிடலாம் என்றுகூடச் சபைக்குழுவில் பேச்சு வந்தது. நான் சம்மதிக்கவில்லை.

அடுத்து என் முறை வரும்போது லூக்கா 16 எடுக்கலாம் என்று இருக்கிறேன். எஜமானின் கணக்கைத் திருத்தி, நூறு குடம் எண்ணெயை ஐம்பது என்றும், நூறு கலம் கோதுமையை எண்பது என்றும் எழுத வைத்து, கடைசியில் பாராட்டும் வாங்கிய உக்கிராணக்காரன். ஒரு கூட்டுறவுச் சங்கச் செயலாளர் பிரசங்கிக்கக் கூடிய பகுதியா என்று தெரியவில்லை. ஆடிட் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று ஐயரைக் கேட்டிருக்கிறேன்.